ஊத்துப்புதூரில் வெறுங்குடம் தேடி

வெளிநாடு பார்த்துவிடலாம் என்ற ஆசையில்தான் நான் கிறிஸ்தவ ஊழியங்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கினேன். நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்தேன். சென்னையில் ஒரு கல்யாண வீடியோக்காரரிடம் லைட் பிடித்தேன். பிறகு சொந்தமாக ஒரு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து என் கனவில் விமானம் பறந்துகொண்டே இருந்தது. ஜெபக் கூட்டமோ, கண் சிகிச்சை முகாமோ, விதவைகளுக்கான தையல் வகுப்போ, யார் கூப்பிட்டாலும் காமிராவோடு போய் நிற்பேன். நான் எடுத்த கேசட்டுகள் ஜெர்மனிக்கும் ஸ்வீடனுக்கும் பறந்தன. நான் மட்டும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் பங்குனியில் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து, “கொஞ்சம் தூரமான வேலை, பாஷைகூட வேற மாதிரி இருக்கும்” என்று சொல்லியனுப்பினார்கள். பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினேன். சேலத்துப் பக்கம் மல்லசமுத்திரம் என்றார்கள்.

நிறுவனத்தின் வேலை வறண்ட ஊர்களுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுப்பது. அந்த வருஷத்துக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு கிணறு. அதைக் கேட்டு நின்றவை இரண்டு ஊர்கள். ஒன்று ஓமலூர்ப் பக்கம், இன்னொன்று மல்லசமுத்திரத்துப் பக்கத்து ஊத்துப்புதூர். எந்த ஊருக்கு என்பதை வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் குழு, வீடியோவைப் பார்த்து முடிவு செய்யும். ஓமலூர்ப் படத்தை வேறொருவர் எடுத்து முடித்துவிட்டார். இயக்குநர் ஞானப்பிரகாசம் சார் அதை எனக்குப் போட்டுக் காட்டினார். வெறுங்குடத்தை ஒரு குழந்தை கவிழ்த்துப் பார்க்கிறது. அம்மாவின் கண்ணில் சரியாக வயலின் ஏறும் இடத்தில் ஒரு சொட்டு நீர் உருள்கிறது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, இதைவிட நன்றாக எடுத்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

“முகம் வேணும் தம்பி” என்றார் ஞானப்பிரகாசம் சார். “வெறுங்குடத்தோட பெண்கள் காமிராவைப் பார்த்து நடந்து வரணும். முகத்தைப் பார்த்துத்தான் மனுஷன் மனசு இளகும். சனிக்கிழமை எல்ஸா அம்மையார் ப்ளேன் ஏறுறாங்க. கேசட் அவங்க பெட்டியில இருக்கணும்.”

எல்ஸா அம்மையார் அந்தக் குழுவின் பிரதிநிதி. பஞ்சு போன்ற தலைமுடி. தமிழில் அவருக்குத் தெரிந்தது “ஸ்தோத்திரம்”, “காரம் வேண்டாம்” ஆகிய இரண்டுமே.

சேலத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது மலை. எங்கள் ஊரிலும் மலை உண்டு. ஆனால் அது தலையில் ஈரத்துண்டு கட்டியதுபோல எப்போதும் மேகத்தோடு நிற்கும். சேலத்து மலைகள் முடிவெட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தன. அஸ்தம்பட்டியில் நிறுவனத்தின் விருந்தினர் அறை. குளிக்கப் போனால் வாளியில் பாதிதான் தண்ணீர். நிரப்பித் தரச் சொல்லி வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏனுங்க, நீங்க ஒரு ஆளுதானுங்களே?” என்றார். எங்கள் ஊரில் குளிப்பதென்றால் குளத்தில் குதிப்பது. குளத்தைப் பாதியாக யாரும் தருவதில்லை.

சாயங்காலம் சாமுவேல் அண்ணன் வந்து சேர்ந்தார். நிறுவனத்தின் சேலம் பகுதிப் பொறுப்பாளர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு குட்டிப் புதிய ஏற்பாடு. மல்லசமுத்திரத்துக்காரர். என்னைக் கடைவீதிக்கு அழைத்துப்போய் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். இரண்டு மொறுமொறு தட்டுவடைகளுக்கு நடுவே காரச் சட்னியும் துருவிய பீட்ரூட்டும் காரட்டும். கடித்தால் பாதி வாய்க்கும் பாதி சட்டைக்கும் போகிறது. என் சட்டை பீட்ரூட் நிறமானதைப் பார்த்துக் கடைக்காரர், “சேலத்துக்கு வந்ததுக்கு அடையாளமுங்க, தொவைக்காதீங்க” என்றார்.

மறுநாள் ஜீப்பில் கிளம்பினோம். பாதி வழியில் ஜீப், ஜெபத்துக்கு நிற்பதுபோல மெதுவாகத் தலைகுனிந்து நின்றுவிட்டது. சாமுவேல் அண்ணன் உண்மையிலேயே ஜெபித்தார். டிரைவர் பானெட்டைத் திறந்து, ஜெபத்துக்கு அப்பாற்பட்ட வார்த்தைகளைச் சொன்னார். இரண்டுக்கும் ஜீப் அசையவில்லை.

கடைசியில் கை காட்டி நிறுத்தியது, ராசிபுரத்துப் பக்கமிருந்து ஈரோட்டுக்கு முட்டை ஏற்றிப்போன ஒரு லாரி. எங்கள் பக்கத்தில் மீன் லாரிகள் உயிரோடிருந்த மீனைவிட வேகமாகப் போகும். இந்த லாரியோ மாசமான பெண்ணைப் போல ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியது. காமிராவை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டேன். ரிக்கார்டர் பெட்டி சாமுவேல் அண்ணன் மடியில். அந்தக் காலத்துக் கருவி என்று பிற்காலத்தில் யாராவது சிரிக்கக்கூடும். இப்போதைக்கு இதுதான் நவீனம்: காமிரா தனி, ரிக்கார்டர் தனி, இரண்டையும் சேர்க்க ஒரு கேபிள், தூக்க இரண்டு ஆள்.

“கொஞ்சம் பார்த்து ஓட்டுங்க, காமிரா இருக்கு” என்றேன்.

“உங்க பொட்டி ஒடஞ்சா ரிப்பேரு பண்ணிக்கலாமுங்க. என்ர முட்டை ஒடஞ்சா ஆம்லெட்டுத்தானுங்க” என்றார் லாரி டிரைவர். கொஞ்ச தூரம் போனதும், “ஆருக்குங்க கல்யாணம்?” என்று கேட்டார்.

“கல்யாணமில்லீங்க, ஊத்துப்புதூருல போர் போடறதுக்கு” என்றார் சாமுவேல் அண்ணன்.

“போர் போடறதுக்கு எதுக்குங்க வீடியோ? உள்ளங்கையில ஒரு தேங்காய வெச்சுக்கிட்டு நடந்தா, தண்ணி இருக்கற எடத்துல எந்திரிச்சு நிக்குமே!”

தேங்காய் எழுந்து நிற்பதற்கும் என் காமிராவுக்கும் எது விஞ்ஞானம் என்று மல்லசமுத்திரம் வரை விவாதித்தோம். தேங்காய்க்குக் கேபிள் வேண்டாம் என்பதால் அதுவே ஜெயித்தது.

அன்று இரவு சாமுவேல் அண்ணன் வீட்டில் தங்கல். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊத்துப்புதூருக்குத் தகவல் சொல்லப் போனார். திரும்பி வந்து, “நாளைக்குக் காத்தால வீடியோ வருதுன்னு சொல்லிட்டேனுங்க. கொடத்தோட தயாரா இருக்கச் சொல்லியிருக்கறேன்” என்றார். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் மாட்டு வண்டியில் போய் ஊத்துப்புதூர் எல்லையில் இறங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. ஊரே பட்டுச் சேலையில் நின்றது. பித்தளைக் குடம், எவர்சில்வர் குடம், மண்குடம் என்று வீட்டுக்கு வீடு வாசலில் வரிசை. ஒவ்வொன்றும் விளிம்பு தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. சிலவற்றின் மேல் வேப்பங்கொத்துகூட வைத்திருந்தார்கள். வாசல்களில் தாராளமாகத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. ஊர் மாறி வந்துவிட்டோமோ என்று சாமுவேல் அண்ணனைப் பார்த்தேன். அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

“வாங்க தம்பி, வாங்க சாமி” என்று ஒரு அம்மாள் முன்னால் வந்தார். நாற்பது வயதிருக்கும். மஞ்சள் பூசிய முகம், எதிராளியை எடைபோடும் கண். இவர்தான் பாவாயி. ஊரில் எதுவானாலும் முதல் பேச்சு இவருடையது என்பது அடுத்த நிமிடமே தெரிந்துவிட்டது. கையில் ஒரு சொம்பைக் கொடுத்து, “மொதல்ல தண்ணி குடிங்க” என்றார்.

குடித்தேன். பக்கத்து வீட்டில் ஒரு சொம்பு. அதற்கடுத்த வீட்டில் இன்னொன்று. ஒரு வீட்டில் குடித்து இன்னொரு வீட்டில் மறுத்தால் சண்டை வந்துவிடும் என்று சாமுவேல் அண்ணன் காதில் சொன்னார். நாலாவது வீட்டில் மோர். ஊரைச் சுற்றி முடித்தபோது, காமிராவைத் தோளில் வைத்துக்கொண்டு மறைவான வேலி தேடி நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, “தம்பி நல்ல சுறுசுறுப்பு” என்று யாரோ பாராட்டியது கேட்டது.

வந்து கேட்டேன். “அக்கா, இவ்வளவு தண்ணி எங்கிருந்து?”

“ஒறம்பரை விருந்தாளி வர்றீங்கன்னு சாமக்கோழி கூவறப்பவே கெளம்பிட்டமுங்க. ஊடு ஊட்டுக்கு மூணு நடை.”

தண்ணீர் இல்லாத ஊர் என்று உலகத்துக்குக் காட்ட நான் வருவதற்காக, அந்த ஊர் முழுவதும் தண்ணீர் சுமந்து நிரப்பி வைத்திருந்தது.

வேறு வழி தெரியாமல் கொஞ்சம் எடுத்தேன். காமிராவைத் தூக்கியதும் அத்தனை பேரும் குடத்தருகே விறைப்பாக நின்று மூச்சை அடக்கிக்கொண்டார்கள். போட்டோ எடுத்துப் பழக்கம். “பேசலாம், நடக்கலாம், அசையலாம்” என்று கெஞ்சினேன். “அசைஞ்சாப் படம் கெட்டுருமுங்க” என்றாள் செல்லம்மா என்ற பெண், உதட்டை அசைக்காமல். ஒரு முழுக் கேசட்டும் அசையாத மனிதர்களோடும் தளும்பும் குடங்களோடும் தீர்ந்தது. இந்தப் படத்தைப் பார்த்தால் குழுவினர் தங்கள் ஊருக்கு இங்கிருந்து தண்ணீர் கேட்டு எழுதுவார்கள்.

என்னிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேசட். இருபது நிமிடம் ஓடக்கூடியது. துணிந்து பாவாயி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“அக்கா, இந்தக் குடத்திலுள்ள தண்ணியை ஊத்திட்டு, வெறுங்குடத்தோட காமிராவைப் பார்த்து நடந்து வரணும்.”

பாவாயி அக்கா என்னையே பார்த்தார்.

“ஊத்தறதா? எங்க?”

“கீழதான்.”

“தண்ணியில்லைன்னு காட்டறதுக்குத் தண்ணியக் கீழ ஊத்தோணுமாக்கும்! ஏனுங்க தம்பி, நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கறீங்க?”

“பி.எஸ்ஸி.”

“அதுக்குமேல படிக்காதீங்க சாமி.”

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. சரி, இன்று பொழுதுக்குள் இந்தத் தண்ணீர் தானாகச் செலவாகிவிடும், நாளைக் காலையில் குடம் காலியாகத்தானே இருக்கும், அப்போது எதிரே வாருங்கள் என்றேன். அதற்குத்தான் எல்லாருக்கும் உண்மையிலேயே கோபம் வந்தது.

“வெறுங்கொடத்தோட எதுக்க வர்றதா?” என்றாள் செல்லம்மா. “நல்ல காரியத்துக்கு வந்தவிக மூஞ்சிக்கு நேரா?”

வெளியே கிளம்பும்போது வெறுங்குடம் எதிரே வந்தால் ஆகாது என்பது எங்கள் ஊரிலும் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் வீட்டில் அதைக் கேட்டுச் சிரிப்போம். இங்கே சிரிக்க முடியவில்லை. பாவாயி அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நீங்க போருக்காக வந்திருக்கறீங்க. உங்களுக்கு முன்னால நாங்க வெறுங்கொடத்த நீட்டி, நாளைக்குப் போர் போடறப்பத் தண்ணி வராம வெறும் கல்லுப்பொடி பொகையா வந்துச்சுன்னா, ஆருங்க அந்தப் பழியச் சொமக்கறது? போன தடவ பஞ்சாயத்துல போட்டப்பவும் பொகைதான் வந்துச்சு. அன்னைக்கு எதுக்க வந்தவ நாந்தான்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தி சொல்லிக்கிட்டிருக்கறா.”

அந்த ஒருத்தி யார் என்று கேட்காமலே தெரிந்தது. செல்லம்மா வேப்பங்கொத்தைச் சரிசெய்யக் குனிந்துகொண்டாள்.

வெறுங்குடம் காட்டினால்தான் கிணறு வரும் என்கிறேன் நான். வெறுங்குடம் காட்டினால் கிணற்றில் தண்ணீர் வராது என்கிறார்கள் அவர்கள். சாமுவேல் அண்ணனைத் தனியே இழுத்துப்போய், “நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா? நமக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லையே” என்றேன்.

“எனக்குச் சுத்தமா இல்லீங்க தம்பி. நான் ஞானஸ்நானம் வாங்குனவன்.”

“அப்படியானால் ஒரு வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு நீங்களே முதலில் எதிரே வாருங்கள். அவர்களுக்குத் தைரியம் வரும்.”

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். “ராத்திரி தலகாணி சரியில்லீங்க. சுளுக்கு.”

மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறும் தயிரும் போட்டார்கள். நெய் ஊற்றிய கையை நிறுத்தச் சொல்லி நான் கத்த வேண்டியிருந்தது. படம்தான் எடுக்க முடியவில்லை, சாப்பாட்டில் குறை வைக்கக்கூடாது என்று சாப்பிட்டேன்.

நான் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியது மறுநாள் இரவு. ஆகவே மறுநாள் காலையில் ஒரு தந்திரம் செய்தேன். பெண்கள் தண்ணீருக்குப் போகும் வழி இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி அடைத்த மண்பாதை. முதல் திருப்பத்தில் ஒரு புதருக்குள் சாமுவேல் அண்ணனோடும் பெட்டியோடும் ஒளிந்துகொண்டேன். அவர்கள் எங்களைப் பார்க்காமல் எதிரே வருவார்கள், வெறுங்குடமும் முகமும் ஒன்றாகக் கிடைக்கும். வந்தார்கள். லென்ஸில் வெயில் பட்டு மின்னியிருக்க வேண்டும். முன்னால் வந்த பாவாயி அக்கா ஒரு சத்தம் கொடுத்தார். மொத்த வரிசையும் வேலிச் சந்தில் நுழைந்து, சோளத்தட்டை அறுத்த காட்டுக்குள் இறங்கி, எங்களைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறியது. நான் முள்ளில் மாட்டிக்கொண்ட சட்டையோடு எழுந்தேன்.

பாவாயி அக்கா திரும்பிப் பார்க்காமலே கத்தினார். “ஏனுங்க தம்பி, பொதருக்குள்ள எதுக்குங்க குந்தியிருக்கறீங்க? படந்தானே வேணும்? பொறத்தால வாங்க. போற கொடத்துக்குத் தோசமில்லீங்க!”

பின்னால் வா என்றதும் எனக்குள் ஒரு வேகம் பிறந்தது. வெட்டே இல்லாமல், ஒரே ஷாட்டில், ஊரிலிருந்து கிணறு வரைக்கும்! முகம் இல்லாவிட்டால் என்ன, கிணற்றடியில் எல்லாரும் குனிந்து தண்ணீர் எடுக்கும்போது முகமும் கிடைத்துவிடும். “கிணறு எவ்வளவு தூரம் அண்ணா?” என்றேன். “இங்கதானுங்க. கூப்புடு தூரம்” என்றார் சாமுவேல் அண்ணன். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

அந்த நடையை நான் மறக்கப்போவதில்லை. எனக்கும் சாமுவேல் அண்ணனுக்கும் நடுவே கேபிள். அவர் வேப்பமரத்துக்கு இடப்பக்கம் போனால் நான் வலப்பக்கம் போவேன்; கேபிள் மரத்தைக் கட்டிப்பிடிக்கும். அவர் சுற்றி வருவதற்குள் பெண்கள் அடுத்த திருப்பத்தில் இருப்பார்கள். ஓடுவோம். ஓடும்போது அவர் “தேவனே, தேவனே” என்பது முழுவதும் பதிவாகியிருக்கிறது. பதிவானது அது மட்டுமில்லை. காமிராவில் மைக் இருப்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

“ஏக்கா, அந்தத் தம்பிக்குக் கல்யாணமாயிருச்சா?”

“ஆகியிருந்தா இந்த வெயில்ல ஊரு ஊராத் திரிய உடுவாளா?”

“பொண்ணு பாக்கப் போனாலும் அந்தப் பொட்டி வழியாத்தான் பாப்பானாட்ட இருக்குது.”

“நம்ம சாமுவேலண்ணனப் பாரு. பூட்டாங்கயிறு மாட்டுன எருதாட்டம் பொறத்தாலயே வாராரு.”

நான் ஆடாமல் பிடிக்கப் பாடுபட்டேன். காமிராவுக்குள் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான். இடுப்பில் இருந்த குடம் அடுத்த இடுப்புக்கு மாறியது. ஒருத்தி நின்று, முன்னால் போனவள் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளங்காலிலிருந்து முள்ளைப் பிடுங்கினாள். வரிசை அவளுக்காக வேகத்தைக் குறைத்துப் பிறகு கூட்டியது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பேச்சு நின்றது. பிறகு வெறும் காலடிச் சத்தம். குடத்தில் வளையல் இடிக்கும் சத்தம். ஒவ்வொரு திருப்பத்திலும் இதோ கிணறு என்று நினைத்தேன். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு இட்டேரி இருந்தது.

வ்யூஃபைண்டரின் ஓரத்தில் குட்டி விளக்கு மினுக்க ஆரம்பித்தது. கேசட் முடியப் போகிறது. மூச்சு வாங்கக் கத்தினேன்: “அக்கா! இன்னும் எவ்வளவு தூரம்?”

“இன்னும் பாதிகூட வரலீங்க தம்பி” என்றார் பாவாயி அக்கா, திரும்பாமல். “பேசாம நடங்க.”

டொக் என்று ரிக்கார்டர் நின்றது.

முதல் நாள் எடுத்த கேசட்டை அழித்து எடுக்கலாம் என்றால் அது மல்லசமுத்திரத்தில் என் பையில் இருந்தது. பெண்கள் நிற்கவில்லை. நாங்களும் சும்மா பெட்டிகளைச் சுமந்துகொண்டு பின்னால் போனோம். கடைசியில் வந்தது ஒரு தோட்டத்துக் கிணறு. கரண்ட் வந்து மோட்டார் ஓடினால்தான் தண்ணீர். கரண்ட் வரும்வரை எல்லாரும் வாய்க்கால் ஓரம் குடத்தைக் கவிழ்த்துவைத்து உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் விடியுமுன் எனக்காக மூன்று நடை இதே வழியில்தான் வந்திருக்கிறார்கள். நான் குடித்த சொம்புகளை எண்ணிப் பார்த்தேன்.

நிரப்பிக்கொண்டு கிளம்பியதும் செல்லம்மா உற்சாகமாகக் கூவினாள். “இப்பப் புடிங்க தம்பி! எதுக்க வாரோம்!” நெற்றி வியர்வையில் வெயில் விழ, தலையில் தளும்பும் குடத்தோடு, அத்தனை முகங்களும் நேராக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தன. இந்தத் தொழிலில் அப்படியொரு ஷாட் எனக்கு இதுவரை அமைந்ததில்லை.

“கேசட் தீர்ந்துபோச்சு அக்கா” என்றேன்.

பாவாயி அக்கா நின்றார். “வெறுங்கொடத்துக்கு ஓடியோடிப் புடிச்சீங்க. நெறைகொடம் எதுக்க வந்தா மூடிக்குதாக்கும் உங்க பொட்டி. மொதல்ல அதுக்குத் தோசம் கழிங்க சாமி.”

சென்னையில் ஞானப்பிரகாசம் சார் படத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் கழித்து, “முகம் எப்போ வரும்?” என்றார். “வரும் சார்” என்றேன். பிறகு கேட்கவில்லை. படம் நின்றதும், “முதுகு! ஆதியிலேர்ந்து அந்தம் வரைக்கும் முதுகு! போறாங்க, போறாங்க, சேரவே இல்லையே மிஸ்டர்!” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். திரும்ப எடுக்கவோ வெட்டி ஒட்டவோ நேரமில்லை. எல்ஸா அம்மையாரின் பெட்டி மூடத் தயாராக இருந்தது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெண்கள் பேசியதை வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னேன். என் கல்யாணப் பேச்சு வந்ததும் தாண்டிப் போகப் பார்த்தேன். “நிறுத்து, அவர்கள் சிரித்தார்களே, அது என்ன?” என்று கேட்டு வாங்கிக் குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் ஒரு பாஸ்டரின் வெள்ளிவிழாவையும் இரண்டு சுகமளிக்கும் கூட்டங்களையும் எடுத்தேன். மைக் வைக்கும்போதெல்லாம் “பாதிகூட வரலீங்க” என்று காதில் கேட்டது. ஓமலூர் அம்மாவின் கண்ணீருக்கு முன்னால் ஊத்துப்புதூர் முதுகுகளை அனுப்பி வைத்தவன் நான். கிணறு கிடைக்காவிட்டால், எதிரே வந்தவள் யார் என்று பாவாயி அக்காவுக்கும் செல்லம்மாவுக்கும் இன்னொரு சண்டை வரும். இந்தத் தடவை எதிரே வந்தவன் நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஆடியில் எல்ஸா அம்மையார் திரும்பி வந்தார். நடந்ததை அவர் சொன்னபடியே தமிழில் தருகிறேன்:

“முதலில் ஓமலூர்ப் படம். எல்லாரும் அழுதார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேக் சாப்பிட்டார்கள். அப்புறம் உன் படம். உன்னைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒரே சிரிப்பு. பிறகு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நாங்களும் நிறுத்திவிட்டோம். எப்போது போய்ச் சேருவார்கள் என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எங்கள் பொருளாளர், மாட்டுப்பண்ணைக்காரர், அந்தப் பெண்களின் தலைக்கு மேலாகக் கிணறு தெரிகிறதா என்று டி.வி.க்குள் எட்டிப் பார்த்தார். உன் குரல் கேட்டது. அந்த அம்மாள் பதில் சொன்னாள். நான் குறித்துவைத்திருந்ததைப் படித்தேன்: ‘பாதிகூட வரவில்லை.’ திரை வெறும் புள்ளியாகிவிட்டது. காபி அப்படியே இருந்தது. அடுத்த கேசட்டைப் போடு என்றார்கள். இல்லை என்றேன்.”

கிணறு ஊத்துப்புதூருக்கு என்று அன்றே முடிவாகிவிட்டது. அடுத்த வருஷத்தின் முதல் கிணறு ஓமலூர்ப் பக்கத்துக்கு. அந்த அடுத்த வருஷம் என்ற சொல் எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் குழுவினர் ஒன்று மட்டும் கேட்டிருந்தார்கள். மீதிப் பாதியைப் பார்க்க வேண்டும். கூடவே, முதுகை எடுத்த அந்த இளைஞனே அதையும் எடுக்க வேண்டும்.

“போர் போடுற ரிக் வண்டி போறதுக்கு முன்னால போய் எடுத்துட்டு வந்துடு தம்பி” என்றார் ஞானப்பிரகாசம் சார். இப்போது நான் அவருக்கு மறுபடி தம்பியாகியிருந்தேன். இந்தத் தடவை ஒரு பை நிறையக் கேசட் கொடுத்தார்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களின் வேகத்தைப் பற்றி எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. நான் போய் இறங்கியபோது வேலை முடித்து அவர்கள் அடுத்த மாநிலத்துக்கே போயிருந்தார்கள். ரொம்ப நேரம் புகையாகவே வந்ததாம். ஊரே சாமுவேல் அண்ணனைப் பார்த்ததாம். அவர் கழுத்துச் சுளுக்கையும் மறந்து முழங்காலில் நின்றாராம். பிறகு சேறு, பிறகு தண்ணீர். ஊருக்கு நடுவில் புதுக் கைப்பம்பு. சிமெண்ட் மேடை இன்னும் பழுப்பேறவில்லை. பாவாயி அக்கா கைப்பிடியை அடித்துக்கொண்டே, குடம் நிறைந்து வழிய விட்ட செல்லம்மாவை விளாசிக்கொண்டிருந்தார்.

“அடடே, படக்காரத் தம்பி! வாங்க, வாங்க. கல்யாணமாயிருச்சுங்களா?”

“இல்லை அக்கா. அன்னைக்குப் பாதி வழிதானே எடுத்தோம். மீதிப் பாதியை எடுக்க வந்திருக்கேன். எல்லாரும் ஒருதடவை குடத்தைத் தூக்கிக்கிட்டு இட்டேரியில நடந்தா...”

கைப்பிடி நின்றது. பாவாயி அக்கா செல்லம்மாவைப் பார்த்தார். செல்லம்மா பாவாயி அக்காவைப் பார்த்தாள்.

“அந்த வழியில இனி ஆருங்க நடப்பா?”

“படத்துக்குத்தான் அக்கா. வெளிநாட்டுல கேக்குறாங்க. அவங்கதானே கிணறு கொடுத்தாங்க.”

“நல்லவிகதான். நெம்ப நல்லவிக. நல்லாருக்கோணும்” என்றார் பாவாயி அக்கா. “அந்த வழிதானே பாக்கோணும்? அவிகளையே வந்து நடந்து பாக்கச் சொல்லுங்க. போக வரச் சோத்துக்கு நான் பொறுப்பு. எங்களால இனி ஆகாதுங்க.”

சொல்லிவிட்டு மறுபடி கைப்பிடியை அடிக்க ஆரம்பித்தார்.

நானும் சாமுவேல் அண்ணனும் இட்டேரி வரைக்கும் போய்ப் பார்த்தோம். ஆடிச் சாரலில் ஓரத்து நெருஞ்சி பாதை நடுவரைக்கும் படர்ந்து பூத்திருந்தது. இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வேறு நடமாட்டமில்லை. பெட்டியைத் திறக்காமலே திரும்பினோம்.